முன்கால் வீங்கிய குதிரைக்குத் தண்ணீர் பீய்ச்சினால் போதுமா?

கேள்வி, 11 ஏப்ரல் 2023

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆறு வயது ஆண் குதிரை வண்டிப் பந்தயம் ஓடிவிட்டு வந்தது. மறுநாள் காலையில் இடது முன்காலின் பின்பக்கம், முழங்காலுக்கும் கீழ் மூட்டுக்கும் நடுவில் வீக்கம். தொட்டால் சூடு. லேசாகத்தான் நொண்டுகிறான். மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சினால் போதும் என்கிறார் ஒருவர். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடச் சொல்கிறார் இன்னொருவர். சூடு போட்டால்தான் நரம்பு இறுகும் என்று பெரியவர் ஒருவர் நிற்கிறார். எதைச் செய்வது? அடுத்த பந்தயத்துக்கு 3 வாரம் இருக்கிறது.

பதில், 12 ஏப்ரல், காலை 7:10

பந்தயத்தை மறந்துவிடுங்கள் தம்பி. நீங்கள் சொல்லும் இடம் நரம்பு ஓடும் இடம். டாக்டர்கள் தசைநாண் என்பார்கள், நமக்கு அது நரம்புதான். முழங்காலுக்குக் கீழே குதிரைக்குச் சதையே கிடையாது. எலும்பு, நரம்பு, மேலே தோல், அவ்வளவுதான். அந்த இடத்தில் சூடும் வீக்கமும் சேர்ந்து வந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நொண்டல் குறைவாக இருப்பதை நம்ப வேண்டாம்.

இன்றைக்கு அவனை லாயத்தை விட்டு வெளியே எடுக்காதீர்கள். பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீரும் உடைத்த ஐஸும் போட்டு, வீக்கம் முழுக்க முங்கும்படி காலை இறக்கி 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். எடுத்துத் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. 30 நிமிடத்துக்கு மேல் வைக்கவே கூடாது. டாக்டருக்கு இப்போதே போன் போடுங்கள். பற்று வேண்டாம். சூட்டைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

12 ஏப்ரல், காலை 7:25

அவசரத்தில் விட்டுவிட்டேன். காலை ஊன்றவே மாட்டேன் என்று தூக்கிப் பிடித்தாலோ, கால் கோணலாகத் தெரிந்தாலோ டப்புக்குக்கூட நடத்தாதீர்கள். எலும்பு முறிந்திருக்கலாம். நின்ற இடத்திலேயே வைத்து டாக்டரை வரவழையுங்கள். மூட்டுக்குப் பக்கத்தில் முள் குத்தியது மாதிரி சின்ன ஓட்டை இருந்தாலும் அப்படியே. மூட்டுக்குள் கிருமி இறங்கினால் குதிரையையே இழக்க நேரும். எந்தப் புண்ணாக இருந்தாலும் ரணஜன்னி ஊசி போட்டதா என்று கேளுங்கள். குதிரையை அந்த நோய் சுலபமாகப் பிடிக்கும்.

12 ஏப்ரல், இரவு 9:40

தண்ணீர் பீய்ச்சுவதைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் குதிரை செவ்வந்தி.

2019 சித்திரையில் அவளுக்கும் இதே இடத்தில் வந்தது, அவளுக்கு வலது கால். காலை 40 நிமிடம், சாயங்காலம் 40 நிமிடம் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பகலில் வெயில் தாங்க மாட்டாளே என்று மத்தியானம் ஒரு முறை கூடுதலாக. ஐந்து நாளில் வீக்கம் பாதி வடிந்தது. ஒன்பதாம் நாள் நொண்டாமல் நடந்தாள். பத்தாம் நாள் வண்டியில் பூட்டினேன். இரண்டு கிலோமீட்டர் போகவில்லை, நின்றுவிட்டாள். எவ்வளவு கூப்பிட்டும் அடுத்த அடி வைக்கவில்லை. வண்டியை அங்கேயே அவிழ்த்துவிட்டு, டெம்போ வரும் வரை இரண்டு மணி நேரம் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். ஸ்கேனில் நரம்பின் நடுவே கறுப்பாக ஓர் ஓட்டை தெரிந்தது. அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவந்து தண்ணீரை அளந்தேன். மாடியில் இருக்கும் கறுப்பு டேங்கிலிருந்து பைப்பில் வந்த தண்ணீர் மத்தியானம் 3 மணிக்கு 39 டிகிரி. காலை 6 மணிக்கு 31. போர்வெல் மோட்டார் ஓடும்போது நேராகப் பிடித்தால் 28. ஆரோக்கியமான குதிரையின் உடம்புச் சூடு 37.5 முதல் 38.5. அதாவது மத்தியானத்தில் அவள் காலுக்கு நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறேன். இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நரம்புக்குச் சூடு கொடுத்தால் கசிவு கூடத்தான் செய்யும்.

பைப்பைப் பிடி என்ற யோசனை குளிர்நாட்டிலிருந்து வந்தது. அங்கே குழாயைத் திறந்தாலே விரல் விறைக்கும். அந்த ஊர்க்காரர் எழுதியதைப் படித்துவிட்டு நம் ஊர்ச் சித்திரையில் செய்தால் பலன் எப்படி வரும்? முதலில் தண்ணீரை அளந்துவிட்டுப் பேசலாம்.

13 ஏப்ரல், காலை 6:30

இரவு எழுதியதைப் படித்துப் பார்த்தேன், ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பைப் தண்ணீருக்கும் இடம் உண்டு. புதுப் புண்ணில் மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரை மெதுவாக ஓடவிட்டுக் கழுவுவதைவிட நல்லது கிடையாது. ஓடிவிட்டு வந்த குதிரைக்கு நாலு காலிலும் 28 டிகிரி போர் தண்ணீர் பத்து நிமிடம் ஊற்றினால் மேல்தோல் ஆறும், காற்றுப் பட்டு ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் ஆறும். தினசரிக்கு அது நல்ல பழக்கம். அடிபட்ட நரம்புக்கு அது போதாது. தோலுக்குக் கீழே குளிர் இறங்க வேண்டுமென்றால் தண்ணீர் 10 டிகிரிக்குள் வர வேண்டும், ஐஸ் இல்லாமல் நம் ஊரில் அது நடக்காது.

13 ஏப்ரல், மதியம் 1:15

எவ்வளவு ஐஸ் என்று கேட்டிருக்கிறீர்கள். 28 டிகிரியில் இருக்கும் 40 லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்கு இறக்கக் கிட்டத்தட்ட 11 கிலோ ஐஸ் உருக வேண்டும். டப்பின் சூடு, காற்றின் சூடு, குதிரையின் கால் கொடுக்கும் சூடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு பிரிட்ஜில் இருக்கும் ஐஸ் டிரே எதற்கும் காணாது. ஐஸ் கம்பெனியில் பார் ஐஸ் வாங்கி, கோணிச் சாக்கில் சுற்றி, உமிக்குள் வைத்தால் ஒரு நாள் தாங்கும். தோலில் புண் இல்லையென்றால் மீன்கடை ஐஸும் போதும்.

தண்ணீர் சேராத ஐஸைத் துணியில் கட்டி வைப்பதைவிட ஐஸ் மிதக்கும் தண்ணீர் மேல். காலைச் சுற்றி எல்லா இடத்திலும் ஒட்டும், தண்ணீரின் கனமும் வீக்கத்தை லேசாக அமுக்கும். பிரீசரில் கல்லாக உறைந்த ஜெல் பையைத் தோலில் நேராகக் கட்டாதீர்கள். அது பூஜ்ஜியத்துக்கும் கீழே இருக்கும், தோல் கருகும்.

13 ஏப்ரல், இரவு 8:50

டப்பைக் கண்டால் உதைக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். உதைக்காமல் என்ன செய்வான்? காலடியில் சத்தம் போடும் புதுப் பொருள் அல்லவா. இரும்பு அன்னக்கூடை என்றால் மாற்றிவிடுங்கள், ரப்பர் டப் சத்தம் போடாது. முதலில் காலி டப்பில் காலை வைக்கப் பழக்குங்கள். அடுத்து வெறும் தண்ணீர். அவன் அமைதியான பிறகு ஐஸைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேருங்கள். முன்னால் பசும்புல் கட்டு ஒன்று தொங்கட்டும். கயிற்றைக் கம்பத்தில் கட்டாமல் ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். செவ்வந்திக்கு என் மகள் தலையைத் தடவிக்கொண்டே நின்றால் போதும், அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொள்வாள். நான் நின்றால் பத்து நிமிடம்தான்.

டப்பில் நிற்கவே மாட்டான் என்றால் லாரி டயர் டியூப்பை முழங்கால் நீளத்துக்கு வெட்டிக் காலில் மாட்டுங்கள். அடிப்பக்கம் மூட்டுக்குக் கீழே பட்டைத் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள், நாடா மாதிரி மெல்லிய கயிறு வேண்டாம், நரம்பை அறுக்கும். மேலேயிருந்து ஐஸும் தண்ணீரும் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒழுகும், பரவாயில்லை.

14 ஏப்ரல், காலை 5:50

இன்று ஐஸ் கம்பெனி திறக்காது. நேற்றே சொல்லியிருக்க வேண்டும். டீக்கடை, ஜூஸ் கடை, மீன் மார்க்கெட், எங்கே கிடைத்தாலும் வாங்கிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள்தான் ஐஸுக்கு நேரம், அதில் ஒரு நாளை விடாதீர்கள்.

14 ஏப்ரல், இரவு 10:05

ஐஸோடு கல்லுப்பு போட்டால் இன்னும் குளிரும் என்று ஒரு நண்பர் இங்கே சொல்லியிருக்கிறார். போடாதீர்கள்! குச்சி ஐஸ் செய்கிறவர் உப்புப் போடுவதே பூஜ்ஜியத்துக்குக் கீழே இறக்கத்தான். நிறையப் போட்டால் மைனஸ் 20 வரைகூடப் போகும். உயிருள்ள காலை அதில் வைக்கக் கூடாது.

வெளிநாட்டில் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் குதிரையை நிறுத்துகிறார்கள் என்பது உண்மை. ஆஸ்திரேலியாவில் அப்படிச் சிகிச்சை பெற்ற 27 குதிரைகளைப் பற்றி 2001-இல் ஓர் அறிக்கை வந்தது. அங்கே தண்ணீரை இயந்திரம் வைத்து 5 முதல் 9 டிகிரிக்குள் பிடித்துவைக்கிறார்கள். உப்பு அந்தக் குளிரைக் கொடுப்பதில்லை.

16 ஏப்ரல், காலை 7:00

"வீக்கம் வடிந்துவிட்டது அண்ணா, டப்பிலிருந்து எடுத்ததும் நொண்டல் துளியும் இல்லை, கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுமா?"

வேண்டாம். நான் பத்தாம் நாள் செய்ததை நீங்கள் ஐந்தாம் நாளே செய்யப் பார்க்கிறீர்கள். குளிர் இரத்தக் கசிவைக் குறைக்கும், வலியை மரக்கடிக்கும். மரத்த காலுக்கு நொண்டத் தெரியாது. பல் பிடுங்க ஊசி போட்ட வாயில் நாக்கைக் கடித்துக்கொள்கிறோமே, அதே நிலைதான் அவனுக்கு. ஐஸிலிருந்து எடுத்த உடனே எந்தக் குதிரையையும் ஓட்டிச் சோதிக்கக் கூடாது. வலி ஊசி போட்டிருந்தாலும் இதே கதை.

அறுந்த இழையை ஐஸ் ஒட்டவைக்காது. சேதம் மேலும் பரவாமல் பிடித்துவைக்கும், அதன் வேலை அவ்வளவுதான். ஒட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஓட்டத்துக்குத் திரும்ப 9 முதல் 12 மாதம் என்று கணக்கு வையுங்கள். நரம்புக்குப் போகும் இரத்தம் குறைவு, அதனால்தான் இவ்வளவு மெதுவாக ஆறுகிறது. ஆறிய இடத்தில் வருவதும் தழும்பு நார், பழைய இழையின் நெகிழ்வு அதற்கு வராது. அதே காலில் மறுபடி வருவது சகஜம்.

ஸ்கேன் எப்போது என்று கேட்டால், அடிபட்டு ஒரு வாரம் போகட்டும். முதல் சில நாளில் எடுத்தால் ஓட்டை சின்னதாகத் தெரிந்து நம்மை ஏமாற்றும், அதற்குப் பிறகும் அது பெரிதாகலாம்.

18 ஏப்ரல், மதியம் 2:30

ஐஸே வைக்கக் கூடாது, ஆறுவதைத் தள்ளிப்போடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் ஆதாரமில்லாமல் பேசவில்லை. மனிதர்களுக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் பிரபலமாக்கிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, பல வருஷம் கழித்து ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் பேச்சை மாற்றிக்கொண்டார். வீக்கம் என்பது உடம்பு செய்யும் ரிப்பேர் வேலையும்தான்.

இரண்டு நாளாக யோசித்தேன். என் முடிவு மாறவில்லை, ஆனால் எல்லை போட்டுக்கொண்டேன். முதல் 2, 3 நாள் தீவிரமாக ஐஸ். அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் தினமும் நாலு தடவை என்று தொடர்வதை நான் இப்போது விட்டுவிட்டேன். குதிரை நரம்பில் முதல் நாள் கசிவு உள்ளே அழுத்தி நல்ல இழையையும் பிரித்துவிடுகிறது, அதை நிறுத்தியே ஆக வேண்டும். மனிதனின் சதைப்பிடிப்புக்குச் சொன்னதை அப்படியே இதன் மேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

19 ஏப்ரல், இரவு 9:15

சூடு.

எங்கள் அப்பா காலத்தில் எங்கள் ஊரில் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, வீங்கிய காலில் கோடு கோடாக இழுப்பார்கள். மாட்டுக்கும் செய்வார்கள், குதிரைக்கும். நான் எட்டு வயதில் பார்த்தேன். நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, அந்தக் குதிரை போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதில் கால் சரியானது என்று அப்பா கடைசி வரை நம்பினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சூடு போட்ட குதிரைக்கு ஆறு மாதம் வேலை கொடுக்க மாட்டார்கள். குணமாக்கியது அந்த ஆறு மாத ஓய்வு, பெயர் வாங்கியது கம்பி.

இங்கிலாந்திலும் பந்தயக் குதிரைகளுக்கு இதையேதான் செய்துவந்தார்கள். அங்கே இதைச் சோதித்து 1983-இல் வெளியிட்ட ஆய்வு, சூட்டால் நரம்பு ஆறுவதில் நன்மை இல்லை என்று சொன்னது. தம்பி, அந்தப் பெரியவரிடம் மரியாதையாகவே சொல்லிவிடுங்கள், கம்பியை மட்டும் லாயத்துக்குள் விடாதீர்கள்.

24 ஏப்ரல், காலை 6:45

உங்கள் ஸ்கேன் படத்தைப் பார்த்தேன். பின்பக்க மேல்நரம்பில் நடுவே ஓட்டை, செவ்வந்திக்கு இருந்ததில் பாதிகூட இல்லை. பந்தயக் குதிரைகளுக்கு அதிகம் போவது இந்த நரம்புதான். பாய்ச்சலில் இதன் நடுப்பகுதி 45 டிகிரி வரை சூடேறுவதை 1994-இல் அளந்து சொன்னார்கள். ஒவ்வோர் அடியிலும் இழுபட்டுச் சுருங்கும்போது பிறக்கும் சூடு அது. வெளியேற வழியில்லாமல் நடுவிலேயே தங்குகிறது. ஓட்டை நடுவில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஓடி முடித்ததும் காலை ஆற்றும் பழக்கம் ஏன் வேண்டும் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

டாக்டர் சொன்ன அட்டவணைப்படியே போங்கள். கையில் பிடித்து நடை, நாளுக்கு 10 நிமிடத்தில் தொடங்கி. கொள்ளுத் தீனியைக் குறையுங்கள். வேலையில்லாத குதிரைக்குப் பந்தயத் தீனி போட்டால் லாயத்திலேயே துள்ளிக் குதித்து ஒட்டியதைப் பிரித்துவிடுவான்.

3 மே, இரவு 8:20

மெரினாவில் குதிரைகளை அலையில் இறக்குகிறார்களே, கடல்தண்ணீர் காலுக்கு மருந்து என்பது உண்மையா என்று சென்னை நண்பர் கேட்டிருக்கிறார். இதற்கு ரெட் ரம் என்ற பந்தயக் குதிரையின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இங்கிலாந்தில் சவுத்போர்ட் என்ற கடற்கரை ஊர். ஜிஞ்சர் மெக்கெய்ன் என்ற குதிரைப் பயிற்சியாளர் அங்கே கார் விற்கும் கடைக்குப் பின்னால் லாயம் வைத்திருந்தார். 1972-இல் ரெட் ரம் அவரிடம் வந்தது. வந்த பிறகுதான் தெரிந்தது, அதற்குக் குளம்புக்குள் இருக்கும் எலும்பில் அழற்சி. வேறு யாராக இருந்தாலும் திருப்பி விற்றிருப்பார்கள். மெக்கெய்ன் கடற்கரை மணலில் ஓட்டி, கடல்தண்ணீரில் நடக்கவிட்டார். இறால் பிடிக்கக் கடலுக்குள் வண்டி இழுத்த குதிரைகளின் கால் தேறியதை அவர் ஏற்கெனவே கண்ணால் பார்த்திருந்தார். ரெட் ரம் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை 1973, 1974, 1977 என்று மூன்று தடவை வென்றது. நடுவில் இரண்டு வருஷமும் இரண்டாம் இடம். ஏழு கிலோமீட்டர், முப்பது தடை தாண்டும் பந்தயம் அது. 1995-இல் இறந்தபோது அந்த மைதானத்தின் வெற்றிக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். எனக்கு இதை எழுதும்போதே நெஞ்சு அடைக்கிறது.

ஆனால் அந்தக் கடல் விறைக்கும் கடல். நம் வங்காள விரிகுடா கரையோரம் 28 டிகிரி இருக்கும், எங்கள் போர் தண்ணீர் மாதிரிதான். ஆழத்தின் அழுத்தம், அலையை எதிர்த்து நடக்கும் பயிற்சி, ஈர மணலின் சமதளம், இவை கிடைக்கும். குளிர் கிடைக்காது. ஆறிவரும் காலுக்கு நல்லது, புதிதாக வீங்கிய காலுக்கு வேண்டாம். முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

4 மே, காலை 6:10

துடைப்பது என்றதும் நினைவு வந்தது. தினமும் நனைந்துகொண்டே இருந்தால் குளம்புக்கு மேலே பின்பக்கக் குழியில் தோல் வெடித்துப் புண்ணாகும். குளம்பும் ஊறி மெத்தென்று ஆகி லாட ஆணி தளரும். செவ்வந்தி இப்படி இரண்டு தடவை லாடத்தை உதறினாள். ஒவ்வொரு முறையும் காய்ந்த துணியால் அந்தக் குழியைத் துடைத்துவிடுங்கள்.

11 ஆகஸ்ட், இரவு 11:30

அந்தியூர் குதிரைச் சந்தையிலிருந்து இப்போதுதான் வந்தேன். குருநாதசாமி கோயில் பண்டிகைக் கூட்டம், தூசி, சுழி பார்த்து விலை பேசும் சத்தம். சுழியை அரைமணி நேரம் பார்க்கிறவர்கள் காலைக் கையால் தடவிப் பார்ப்பதில்லை, இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

நான் எழுத வந்தது வேறு. ஏப்ரல் 12-இல் "30 நிமிடத்துக்கு மேல் வைக்கவே கூடாது" என்று எழுதியிருந்தேன். அது தவறு, திருத்துகிறேன்.

சந்தையில் நண்பர் ஒருவரின் குதிரை இரவில் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்த் தீனி மூட்டையைக் காலி செய்துவிட்டது. அவ்வளவு தானியம் ஒரேயடியாக உள்ளே போனால் ஆபத்து குளம்பில்தான் வரும். குளம்பின் வெளிக்கூட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிடித்துவைத்திருக்கும் மென்மையான மடிப்புகள் அழற்சியில் பிரியும். முற்றினால் எலும்பே கீழே இறங்கிவிடும். டாக்டர் வந்து மருந்து கொடுத்துவிட்டு, இரண்டு முன்காலையும் ஐஸ் தண்ணீரில் இறக்கச் சொன்னார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "நான் சொல்லும் வரை" என்றார். இரண்டு முழு நாள்! பந்தலுக்குக் கீழே ஆள் மாற்றி ஆள் ஐஸ் கொட்டினோம். குதிரை முகம் சுளிக்காமல் நின்றது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் போலிட், வான் எப்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004-இல் செய்துகாட்டியது இதைத்தான். ஒரு காலை மட்டும் 48 மணி நேரம் ஐஸ் தண்ணீரில் வைத்தார்கள், அந்தக் குளம்பில் சேதம் மிகக் குறைவாக இருந்தது. குதிரைக் கால் குளிரை அப்படித் தாங்கும், பனியில் நிற்கும் பிராணி அல்லவா. ஆகவே 20–30 நிமிடம் என்பது நரம்பு வீக்கத்துக்கு. தானியம் தின்ற குதிரையின் குளம்பைக் காப்பாற்ற நாள்கணக்கில், இடைவிடாமல், குளம்பு முழுக்க முங்கும்படி. அதுவும் நொண்டுவதற்கு முன்னாலேயே தொடங்க வேண்டும், டாக்டர் மேற்பார்வையில்.

13 ஆகஸ்ட், காலை 7:20

அந்தக் குதிரை நேற்று நடந்தே வண்டி ஏறியது. குளம்பில் சூடு இல்லை, கீழ் மூட்டின் பின்பக்கம் விரல் வைத்தால் நாடி துடிப்பு அடங்கியிருக்கிறது.

21 ஜனவரி 2024, இரவு 7:45

தம்பி, இரண்டாவது ஸ்கேன் படம் கிடைத்தது. ஓட்டை நிரம்பியிருக்கிறது, இழைகள் நேராக அடுக்கத் தொடங்கியிருக்கின்றன. பொங்கல் பந்தயத்துக்குக் கூப்பிட்டவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு லாயத்துக்குப் போய்ச் செவ்வந்தியிடம் சொன்னேன். அவள் இப்போது வண்டி இழுப்பதில்லை, என் பேத்தியை முதுகில் வைத்துக்கொண்டு தோப்பைச் சுற்றுகிறாள்.

நாளைக்கு டாக்டர் சொன்னபடி 5 நிமிடம் டிராட் (மெது ஓட்டம்), வண்டி இல்லாமல், நேர் பாதையில். முடித்ததும் போர் தண்ணீர் பத்து நிமிடம். பிறகு ஒரு மணி நேரம் காயவிட்டுக் காலைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு முன்காலையும் ஒரே நேரத்தில், இரண்டு கையாலும். சூடு வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே எழுதுங்கள்.